கார்டில் இல்லாத நிறம்

என் மனைவி குணலட்சுமி ஆஸ்பத்திரியில் கண்ணை மூடிவிட்டாள் என்று நான் போனில் சொன்னதும் கோபிசங்கர் கேட்ட முதற் கேள்வி இதுதான்: "எத்தினை நாடு ஐயா?"

எனக்கு விளங்கவில்லை. என்ன வருத்தம் வந்து செத்தாள், என்ன வயது என்று கேட்பார் என்றுதான் நினைத்திருந்தேன்.

"நாடு எண்டால்?"

"லைவ் எத்தினை நாட்டுக்குப் போகோணும்? கனடா, லண்டன், பிரான்ஸ், சுவிஸ்... அது தெரிஞ்சால்தான் மிச்சத்தை நாங்கள் ஒழுங்கு செய்யலாம்."

மகன் சுபாங்கன் கனடாவில் இருக்கிறான். மகள் கீர்த்திகா பிரான்ஸில். இரண்டு என்றேன். மறுபக்கத்தில் பேனையை மூடுகிற சத்தம் கேட்டது.

"பரவாயில்லை ஐயா. சின்னனெண்டாலும் நல்லாச் செய்வம்" என்றார் கோபிசங்கர். அன்று எனக்குக் கிடைத்த முதல் ஆறுதல் அது.

அவர் 'பூரண நிறைவு இறுதிப்பயண முகாமைத்துவ நிலைய'த்தின் முகாமையாளர். முன்பு அந்த இடத்தில் சவப்பெட்டி விற்றார்கள். இப்போதும் சவப்பெட்டிதான் விற்கிறார்கள், ஆனால் அங்கே போய்ப் பெட்டி என்று சொல்லக் கூடாது. 'பேழை' என்று சொல்ல வேண்டும். பிரேதம் என்று சொல்லக் கூடாது. 'அன்னார்' என்று சொல்ல வேண்டும். நான் பண்டத்தரிப்பில் வெங்காயத் தோட்டம் செய்கிற ஆள். அன்னார் என்ற சொல்லைச் செத்தவீட்டு நோட்டீசில் மட்டும்தான் படித்திருக்கிறேன். அங்கே அதைச் சாதாரணமாகக் கதைத்தார்கள். "அன்னாரை உள்ளுக்கை எடு", "அன்னாருக்குக் குளிர் காணாது, கூட்டிவிடு" என்று வேலையாட்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

பிள்ளைகள் இருவரும் வர முடியாது. சுபாங்கனுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. அவன் அங்கிருந்து வெளிக்கிட்டால் திரும்பிப் போக முடியாது. கீர்த்திகாவுக்கு இது நிறைமாதம், பிளேனில் ஏற்ற மாட்டார்கள். "அம்மாவின்ரை முகத்தையாவது ஒருக்காக் காட்டுங்கோ அப்பா" என்று இரண்டு பேரும் அழுதார்கள். காட்டுகிறேன் என்றேன்.

எனக்கு வேண்டியதும் அந்த முகம்தான். அன்று காலையில் தோட்டத்தில் அவள், "கடைசிப் பாத்திக்குத் தண்ணி காணாது, ஒருக்காப் பாருங்கோ" என்றாள். "பாக்கிறன்" என்று சொல்லிக் கிணற்றடிக்குப் போனேன். திரும்பி வந்தபோது வரம்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு ஓட்டோ, ஆஸ்பத்திரி, குழாய்கள், ஒரு கதவு. அந்தக் கதவுக்கு உள்ளே என்னை விடவில்லை. பெட்டியை மூடமுன் அவளுடைய முகத்தை, அது இருந்தபடி, ஒருதரம் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு ஒரு திட்டமும் இருக்கவில்லை. கோபிசங்கரிடம் நிறையத் திட்டம் இருந்தது.

"எங்கடை கொள்கை என்னெண்டால் ஐயா," என்று கதிரையை எனக்குக் கிட்டவாக இழுத்துப்போட்டுச் சொன்னார், "ஒரு மனிசர் ஒருக்காத்தான் சாகினம். இரண்டாந்தரம் எடுக்க ஏலாது. ஆனபடியால் முதல் தரமே சரியா வரோணும். கமெரா சரி, லைட்டு சரி, அழுகை சரி. ஆனால் முகம் பிழைச்சால் எல்லாம் பிழைச்சுப் போகும். உங்களை நான் எங்கடை மூத்த சருமப் பிரிவுக்கு அனுப்பிறன்."

மூத்த சருமப் பிரிவு பின்பக்கத்தில் இருந்தது. அங்கே ஆரணி என்ற பிள்ளை நீலக் கையுறையோடு நின்றாள். சின்னப் பிள்ளை, கதை தன்மையாக இருந்தது. குணலட்சுமியை வெள்ளைத் துணியால் மூடித் தள்ளுகட்டிலில் வைத்திருந்தார்கள்.

"இருங்கோ அங்கிள். ஃபவுண்டேஷன் தெரிவு செய்ய முந்தி கொஞ்சம் விசாரிக்கோணும். அம்மாவின்ரை ஸ்கின் டிறையோ, ஒயிலியோ?"

"அவ செத்திட்டா பிள்ளை."

"ஓம் அங்கிள், அது தெரியும். அதுக்கு முந்தி?"

நான் யோசித்தேன். முப்பது வருடத்துக்கு மேலாக ஒன்றாக இருந்திருக்கிறோம். வெங்காயம் கிண்டி எடுக்கிற காலத்தில் அவளுடைய உள்ளங்கை வெடித்திருக்கும், அது எனக்குத் தெரியும். முகத்தைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டதில்லை.

"டிறைதான் போலை" என்றேன்.

"அப்பத் தண்ணியா இருக்கிறதுதான் போடோணும். ஐம்பது தாண்டின முகத்துக்குப் பவுடர் ஆகாது அங்கிள். சுருக்கத்துக்குள்ளை போய்க் குந்தியிருந்து வயசைக் கூட்டிக் காட்டும். முதலிலை கிறீம் பூசி ஊறவிடோணும். பிறகு மெல்லிசா ரெண்டு மூண்டு தரம். தடிப்பா அப்பினால் வெடிச்சுப் போகும்."

"ஊறுமோ பிள்ளை?"

"இவைக்கு ஊறாது அங்கிள். ஆனாலும் முறையெண்டு ஒண்டு இருக்குத்தானே."

பிறகு மணிக்கட்டு நரம்பைப் பார்க்க வேண்டும் என்றாள். நரம்பு பச்சையாக இருந்தால் ஒருவகை நிறமாம், நீலமாக இருந்தால் வேறுவகையாம். துணிக்குள்ளிருந்து குணலட்சுமியின் கையை எடுத்துத் திருப்பி நெடுநேரம் பார்த்தாள். "இப்ப நரம்பை வைச்சுச் சொல்ல ஏலாது" என்று திரும்ப உள்ளே வைத்தாள்.

"வெயிலிலை நிண்டால் அவ சிவக்கிறவவோ, கறுக்கிறவவோ?"

"சிவந்ததை நான் காணேல்லை. வெயிலிலை நிக்காமல் இருந்ததையும் காணேல்லை."

ஆரணி ஒரு கார்டை விரித்தாள். சின்னச் சின்னச் சதுரமாய் நிறங்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே பெயர். ஐவரி, வனிலா, ஹனி, அல்மண்ட், கரமல். ஐவரியைத் தவிர மிச்சமெல்லாம் தின்கிற சாமான். விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதில் என் மனைவி இல்லை.

"கலியாணம் பேசேக்கை பொதுநிறம் எண்டுதான் சொன்னவை பிள்ளை."

"பொதுநிறம் கார்டிலை இல்லை அங்கிள்."

வேறு வழி இருக்கிறது என்றாள். தாடைக் கரையில் ஒரு பொட்டு வைத்து, லைட்டில் பார்க்காமல் வெயில் வெளிச்சத்தில் பார்த்தால் எந்த முகத்துக்கும் நிறம் பிடிபடுமாம். இரண்டு வேலையாட்கள் வந்து கட்டிலைப் பின்வாசலுக்குத் தள்ளினார்கள். "அன்னாருக்கு வெயில் காட்ட வேணும், வழி விடுங்கோ" என்று ஒருவன் முன்னால் போனான். ஒழுங்கையால் போன ஒரு சைக்கிள்காரர் எங்களைக் கண்டு இறங்கித் தொப்பியைக் கழற்றினார். நான் பின்னால் நடந்தேன்.

வெயில் அவளுடைய முகத்தில் விழுந்தது. ஆரணி குனிந்து பார்த்தாள்.

"அங்கிள், நெத்தியிலை ரெண்டு நிறம் இருக்கு."

இருந்தது. நெற்றிக்கு நடுவால் ஒரு கோடு. அதற்கு மேலே வெளிறின நிறம். கீழே மூக்கும் கன்னமும் நல்லாய்க் கறுத்திருந்தன.

"அது துணி கட்டிற இடம் பிள்ளை. தோட்டத்துக்குப் போகேக்கை கட்டிறவ."

"பிரச்சினையில்லை. ஃபவுண்டேஷனின்ரை வேலையே உதுதான். ரெண்டு நிறத்தை ஒரு நிறமாக்கிறது. உயிரோடை இருக்கேக்கை எடுத்த படம் ஒண்டு காட்டுங்கோ, எந்த நிறத்துக்குக் கொண்டுபோறதெண்டு பாப்பம்."

அவளுடைய போனைத் திறந்தேன். எல்லாம் பிள்ளைகளோடு வீடியோவில் கதைக்கும்போது எடுத்த படங்கள். அவற்றில் அவள் வெள்ளை. அது எப்படி வந்த வெள்ளை என்று எனக்குத் தெரியும். பிள்ளைகள் போன் எடுக்கிற நேரத்துக்கு முன்பே தோட்டத்தால் ஓடிவந்து, முகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, பவுடரை அப்பி, ஹோலில் ரியூப்லைட்டுக்குச் சரி நேர் கீழே கதிரையைப் போட்டு இருப்பாள். "போனை உயத்திப் பிடியுங்கோ, உயத்தி" என்று என்னைப் பேசுவாள். "ஏனப்பா உந்தக் கூத்து?" என்று ஒருநாள் கேட்டேன். "அம்மா கருகிப்போனா எண்டு பிள்ளையள் அங்கையிருந்து அழுங்கள். தேவையோ?" என்றாள்.

வேறு படம் இல்லை என்று சொல்ல வாயெடுக்கும்போதுதான் விவசாயப் போதனாசிரியர் அனுப்பிய படம் நினைவுக்கு வந்தது. போன மாரியில் வெங்காயத் தாள் கருகுகிற நோய் வந்தபோது அவர் வந்து எடுத்தது. "அம்மா, அந்தப் பயிரைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ, அளவு தெரியட்டும்" என்று அவளை நிறுத்தினார். அதில் தலையில் துணி, சுபாங்கன் விட்டுவிட்டுப் போன நீலக் கோடு போட்ட முழுக்கைச் சேட்டு, கையில் கருகின வெங்காயம். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறாள்.

பின்வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்த கோபிசங்கர் சொன்னார்: "ஐயா, உது வெங்காயத்தின்ரை படமெல்லோ."

"பிடிச்சுக்கொண்டு நிக்கிறவதான் அவ."

ஆரணி அந்தப் படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள். கட்டிலை உள்ளே தள்ளுவித்து, போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டுக் கரமலையும் வேறொரு கறுத்தப் போத்தலையும் கலந்தாள். கார்டைத் திருப்பி வைத்துவிட்டாள். மெல்லிசாய், ஒத்தி ஒத்திப் பூசினாள். நெற்றிக்கு வந்தபோது நின்று, குரலைத் தணித்துக் கேட்டாள்: "கோட்டைக் கொஞ்சம் விடட்டோ அங்கிள்?"

"விடு பிள்ளை."

அவள் கையை எடுத்தபோது அங்கே குணலட்சுமி கிடந்தாள். தோட்டத்தால் வந்து, அலுப்பில் கை கால் கழுவவும் பஞ்சிப்பட்டு, விறாந்தையில் சாய்ந்தபடி கண்ணயர்ந்த குணலட்சுமி. எழுப்பினால் பேசுவாள் போலிருந்தது. நான் கையை நீட்டினேன்.

"ஐயோ தொடாதேங்கோ அங்கிள், இன்னும் காயேல்லை. நாளைக்குத் தொடலாம்."

கையை எடுத்துவிட்டேன். நாளைக்குத் தொடலாம் என்றுதானே சொன்னாள்.

பின்னேரம் ஒத்திகை ஒளிபரப்பு. இது அவர்களுடைய ஒழுங்கு. வெளிநாட்டில் இருக்கிற குடும்பத்தவர் முகத்தைப் பார்த்துச் சம்மதம் சொன்னால்தான் அன்னார் வீட்டுக்கு வெளிக்கிடலாம். பெரிய திரையில் ஒருபக்கம் சுபாங்கன், மறுபக்கம் வயிற்றைப் பிடித்தபடி கீர்த்திகா. கமெராக்காரன் லைட்டைப் போட்டுக் குணலட்சுமியைக் காட்டினான்.

இருவரும் திரைக்குக் கிட்ட வந்து பார்த்தார்கள். பிறகு சுபாங்கன் கேட்டான்:

"அப்பா, அம்மாவுக்கு என்ன நடந்தது? ஏன் இப்பிடிக் கறுத்துப்போய்க் கிடக்கிறா? உவங்கள் ஐஸ் ஒழுங்கா விடேல்லையோ?"

கீர்த்திகா குழறினாள். "முந்தநாள்தானே கதைச்சனான்... இது நான் பாக்கிற அம்மா இல்லை. என்ரை அம்மாவைப் பழுதாக்கிப் போட்டாங்கள்!"

கோபிசங்கரின் முகத்தில் நான் முதன்முறையாக உண்மையான துக்கத்தைக் கண்டேன். குளிரூட்டியைப் பற்றி ஒரு கதை வெளியே போனால் என்னாகும் என்று அவருக்குத் தெரியும். கமெராவை நிற்பாட்டச் சொல்லிவிட்டு ஆரணியிடம் போனார்.

"நிறத்தைக் கூட்டு பிள்ளை."

"ஒரு படி கூட்டலாம் சேர். முகம் தெளிவாத் தெரியும். அதுக்கு மேலை போனால் வேறை ஆள் மாதிரி வரும்."

"வனிலா போடு."

"சேர், அது நாலு படி."

"லைட்டுக்குச் சரியா வரும்." பிறகு என் பக்கம் திரும்பி என் தோளில் கை வைத்தார். "ஐயா, குறை நினைக்காதேங்கோ. ஊரிலை இருக்கிறவை அன்னாரைத் தெரிஞ்சவை. எப்பிடிக் காட்டினாலும் அழுவினம். லைவிலை இருக்கிறவை அப்பிடியில்லை. அவைக்குத் தெரிஞ்ச முகத்தைக் குடுத்தால்தான் அழுகை வரும். உண்மையைச் சொன்னால் நாங்கள் இறந்தவைக்கு வேலை செய்யேல்லை, பாக்கிறவைக்குத்தான் செய்யிறம். இறந்தவையிட்டையிருந்து இண்டைவரைக்கும் எங்களுக்கு ஒரு முறைப்பாடும் வந்ததில்லை."

அவரோடு சண்டை பிடித்திருக்கலாம். அதுதான் என் மனைவி, அதுதான் அவளின் நிறம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கலாம். ஆனால் திரை அணைந்த பிறகும் கீர்த்திகாவின் குரல் என் காதில் இருந்தது. நிறைமாதப் பிள்ளை. அதோடு, அந்த வெள்ளை முகத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தது கோபிசங்கர் இல்லை. முகத்தைத் தேய்த்துக் கழுவி, பவுடர் அப்பி, போனை உயத்திப் பிடிக்கச் சொல்லி, குணலட்சுமி தன் கையால் கொடுத்தது. அதை நான் எப்படிப் பறிக்கிறது?

"பிள்ளையள் கேக்கிற நிறத்தைப் போடுங்கோ" என்றேன்.

ஆரணி புதுக் கையுறை எடுத்துப் போட்டாள்.

அடுத்தநாள் காலை அன்னார் வீட்டுக்கு வந்தார். குருக்கள் பஞ்சாங்கத்தைத் திறக்க முன்பே கோபிசங்கர் நேரத்தைக் குறித்துவிட்டார். கனடாவில் படுக்கமுன்பும் பிரான்ஸில் வேலைக்கு வெளிக்கிட முன்பும் சரியாக வருகிற ஒரு நேரம். அது நல்ல நேரம்தான் என்று குருக்களும் பிறகு கண்டுபிடித்தார்.

பந்தலுக்குள் பெட்டியைத் திறந்ததும் என் மச்சாள் மகாதேவி, குணலட்சுமியின் தமக்கை, ஓடிவந்து பார்த்தவள் அப்படியே நின்றாள்.

"மார்க்கண்டு, உவங்கள் என்ன கோதாரிக்கு எங்கடை குணத்துக்குக் கோதம்பமா அப்பி வைச்சிருக்கிறாங்கள்?"

"பிள்ளையளுக்காண்டி மச்சாள்."

"பெத்ததுகளுக்குத் தாயைத் தெரியாதோ?"

மகாதேவி தலையில் அடித்துக்கொண்டு ஒப்பாரி வைக்கத் தொடங்கினாள். கமெராக்காரன் குனிந்து வந்து, "அம்மா, கொஞ்சம் இஞ்சாலை திரும்பி, மைக்குக்கு நேரை அழுங்கோ" என்றான்.

"கொம்மா செத்தால் நீ மைக்குக்கு அழு. எழும்பிப் போடா அங்காலை!"

அது இரண்டு நாட்டுக்கும் தெளிவாகப் போனதாகப் பிறகு அறிந்தேன்.

மகன் ஊரில் இல்லாததால் நானே கிரியைக்கு இருந்தேன். குருக்கள் எண்ணெயும் அரப்பும் வைக்கச் சொன்னார். எங்கள் பக்கத்தில் இனசனம் எல்லாம் வரிசையாக வந்து தலையில் எண்ணெய் தேய்த்து அரப்பு வைத்துக் குளிப்பாட்டுவதுபோலச் செய்து அனுப்புவார்கள். நான் எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கியதும் கோபிசங்கர் பாய்ந்து வந்தார்.

"குருக்கள் ஐயா, எண்ணெய் தலையிலை படப்படாது. நெத்தியாலை வழிஞ்சால் ஃபவுண்டேஷன் கலங்கிப் போகும். மூத்த சருமம்."

குருக்கள் கண்ணை மூடி யோசித்தார். "பாவனையாச் செய்யலாம். மனதாலை வைச்சாலும் வைச்சதுதான். சாஸ்திரத்திலை இடமிருக்கு."

"எந்தச் சாஸ்திரத்திலை?" என்று மகாதேவி கேட்டாள்.

"லைவ் போகுது அம்மா" என்றார் குருக்கள்.

ஆகவே பாவனையாகச் செய்தோம். நான் முதலில். பிறகு மகாதேவி, பிறகு ஊரவர்கள் ஒவ்வொருவராக வந்து, அவளுடைய தலைக்கு மேலே காற்றில் எண்ணெய் தேய்த்து, காற்றில் அரப்பு வைத்துவிட்டுப் போனார்கள். கிண்ணத்து எண்ணெய் கிண்ணத்திலேயே இருந்தது. குங்குமம் கொட்டுண்ணும் என்று ஒட்டுப்பொட்டு ஒன்றைத் தந்தார்கள். அதையும் ஆரணிதான் இடுக்கியால் பிடித்து ஒட்டினாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

பெட்டி மூட நேரம் வந்தது. இப்போதாவது என்று நினைத்துக் குனிந்தேன். கோபிசங்கர் என் முழங்கையை மெதுவாகப் பிடித்தார்.

"ஐயா, தொட்டால் விரல் அடையாளம் விழும். கையைக் கன்னத்துக்கு ஒரு அங்குலம் மேலை பிடியுங்கோ. கமெராவிலை தொட்ட மாதிரித்தான் தெரியும்."

பிடித்தேன். அவளுடைய முகத்திலிருந்து குளிர் எழும்பி என் உள்ளங்கையில் பட்டது. அந்தக் குளிரை மட்டும் வைத்துக்கொண்டு கையை அப்படியே வைத்திருந்தேன்.

திரையிலிருந்து சுபாங்கன் அழுதான். "அப்பா, எங்களுக்காகவும் ஒருக்கா அம்மாவின்ரை முகத்தைத் தடவிவிடுங்கோ..."

நான் காற்றைத் தடவினேன். நெற்றியிலிருந்து கன்னம் வரைக்கும். கோடு இருந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி.

"போதும் ஐயா, நல்லா வந்திருக்கு" என்று கோபிசங்கர் காதுக்குள் சொன்னார்.

சுடலைக்குப் போய்க் கொள்ளி வைத்தேன். இரவு சுபாங்கன் எடுத்து, "அம்மா கொஞ்சமும் மாறேல்லை அப்பா. நித்திரை கொள்ளுற மாதிரியே இருந்தா" என்றான். "ஓம் தம்பி" என்றேன்.

எட்டாம் நாளில் எட்டுச் செலவு முடிந்து இரண்டொரு நாளில் மகாதேவி போனை நீட்டிக்கொண்டு வந்தாள். "உதைப் பார் மார்க்கண்டு."

பூரண நிறைவு நிலையத்தின் ஃபேஸ்புக் விளம்பரம். 'மூத்த சருமமா? கவலையை விடுங்கள். இறுதிப் பயணத்திலும் இளமைப் பொலிவு!' அதற்குக் கீழே இரண்டு படம். வலதுபக்கத்தில் வனிலா முகம், 'பின்' என்று போட்டிருந்தது. இடதுபக்கத்தில் 'முன்'. அது விவசாயப் போதனாசிரியர் எடுத்த படம். கீழே வெங்காயத்தை வெட்டிவிட்டு, துணி கட்டிய தலையையும் கண்ணைச் சுருக்கின முகத்தையும் சேட்டுக் கழுத்தையும் மட்டும் விட்டிருந்தார்கள். முதன்முறையாக யாரோ வெங்காயத்தை வெட்டிவிட்டு அவளை வைத்திருக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. விரலால் பெருப்பித்துப் பெருப்பித்துப் பார்த்தேன். மகாதேவி போனைத் திருப்பிக் கேட்டாள். கொஞ்சம் பொறு மச்சாள் என்றேன்.

அன்று பின்னேரமே கோபிசங்கர் போன் எடுத்தார்.

"ஐயா, உங்கடை மகன் கேஸ் போடப்போறன் எண்டு எழுதியிருக்கிறார். மகளும் எழுதியிருக்கிறா. ஆரோ ஒரு பொம்பிளையின்ரை படத்தைத் தாயெண்டு போட்டு அவமானப்படுத்திப் போட்டமாம். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. நான் உடனை திருத்தம் போட்டிட்டன்."

"என்னண்டு போட்டியள்?"

"இடதுபக்கத்திலை இருப்பவர் அன்னார் அல்ல, மாதிரிக்காகப் பாவிக்கப்பட்ட வேறொரு பெண்மணி எண்டு."

"அது அவதானே தம்பி. நான்தானே தந்தனான்."

"எனக்குத் தெரியும் ஐயா, உங்களுக்கும் தெரியும். ஆனால் குடும்பம் மறுக்குதெல்லோ. குடும்பத்தின்ரை உணர்வுக்கு மேலை எங்களுக்கு ஒண்டுமில்லை. இப்ப நிறுவனமும் மறுத்திட்டுது. ஆனபடியால் அது அவ இல்லை. பிரச்சினை முடிஞ்சுது."

அவர் வைத்த கையோடு சுபாங்கன் எடுத்தான். வேலை இடத்து வாசலில் நின்று கதைத்தான், பின்னால் பனி.

"பார்த்தியளோ அப்பா? அவங்கள் பிழையை ஒத்துக்கொண்டிட்டாங்கள். ஆரோ கூலி வேலைக்குப் போற மனிசி ஒண்டு, பாவம், அதின்ரை படத்தைக் கொண்டுவந்து அம்மாவெண்டு போட்டிருக்கிறாங்கள். இஞ்சை வேலை செய்யிற பெடியங்கள் எல்லாம் கேக்கிறாங்கள், உன்ரை அம்மாவோ உது எண்டு. எனக்கு வெக்கமாப் போச்சு. நானும் கீர்த்தியும் எழுதிப்போட்டம். நீங்கள்தான் ஒண்டும் எழுதேல்லை. நீங்களும் ஒரு வரி போடுங்கோ அப்பா. 'அது என்ரை மனைவி இல்லை' எண்டு. நீங்கள் சொன்னால் ஒருத்தரும் மறுகதை கதைக்க மாட்டினம்."

நான் ரியூப்லைட்டுக்குக் கீழே அவளுடைய கதிரையில் இருந்தேன். போனை ஏனோ உயத்திப் பிடித்திருந்தேன். கையை இறக்கினேன்.

"தம்பி, அந்தப் படத்தை ஒருக்கா எடு."

"ஏன் அப்பா?"

"எடன். எடுத்துப் பெருப்பிச்சுப் பார். முகத்தைப் பாக்காதை. கழுத்தடியைப் பார்."

அவன் பார்த்தான். நீலக்கோட்டுச் சேட்டு. காலர் பொத்தான் விழுந்துபோனதால் மாறித் தைத்த ஒரு மஞ்சள் பொத்தான். அவன் இரண்டாந்தரம் ஏ.எல். உயர்தரச் சோதனைக்குப் போட்டுக்கொண்டு போன சேட்டு அது. பொத்தான் வேறுநிறமாக இருக்கிறது என்று அன்று காலையில் தாயோடு சண்டை பிடித்துக்கொண்டுதான் போட்டான்.

"இது..." என்றான்.

"வெயிலுக்கு உதைத்தான் போடுறவ. வேறை சேட்டு எடுத்துக் குடுத்தாலும் போட மாட்டா."

பனி விழுகிற சத்தம் கேட்காது. ஆனால் அவனுடைய மூச்சுக் கேட்டது.

"அப்ப... அண்டைக்கு ஒத்திகையிலை முதல் காட்டினது?"

"ஓம் தம்பி. அது அம்மா."

திரையில் அவனுடைய முகம் அப்படியே இருந்தது. சின்ன வயதில் கேட்கிற மாதிரி, மெதுவாகக் கேட்டான்:

"அந்த முகத்தைத் திருப்பி ஒருக்காக் காட்ட ஏலுமோ அப்பா?"